திராட்சை பறிக்கலாம் என்று ஷாத்தோ-ஷாலோன் போனேன்

பிரான்சில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் முடியும்போது ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். திராட்சை அறுவடைக்குப் போனால் இரண்டு வாரத்தில் ஒரு மாத வாடகை தேறுமாமே, போகலாமா அக்கா என்று. போன வாரம் ஒரு தங்கை தொலைபேசியில் இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னேன். சொல்லி முடித்ததும், இதை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. 2021-இல் நான் கிளம்பியபோது இதில் பாதியையாவது ஒருவர் சொல்லியிருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு முன்பின் தெரியாத மலையூரில் பெட்டியோடு நின்று அழுதிருக்க மாட்டேன்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரி. சுருளிப்பட்டிப் பக்கம் அப்பாவுக்கு அரை ஏக்கர் பன்னீர் திராட்சை இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து பந்தலுக்கு அடியில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அதனால் திராட்சை வேலை எனக்குத் தெரிந்த வேலை என்ற எண்ணம் மனதில் ஆழமாக இருந்தது. 2021 செப்டம்பரில் பெசான்சோன் நகரில் முதுகலை இரண்டாம் ஆண்டு தொடங்கும் நேரம். வார இறுதிகளில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. வாடகைக்கு எப்போதும் இழுபறி. அப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் நம் மொழியிலேயே ஒருவர் எழுதினார்: ஜூரா மாவட்டத்தில் 15 நாள் அறுவடை வேலை, தங்க அறை, மூன்று வேளை சாப்பாடு, நாளுக்கு 80 யூரோ. இடத்தை உறுதி செய்ய 120 யூரோ பதிவுக் கட்டணம். ஊர்ப் பெயரும் ஒரு வீட்டு முகவரியும் கொடுத்தார். இணையத்தில் தேடினேன், முகவரி நிஜம், அங்கே ஒயின் தயாரிக்கும் குடும்பம் இருப்பதும் நிஜம். பணத்தை அனுப்பிவிட்டேன். உணவகத்தில் இரண்டு வாரம் சம்பளமில்லாத விடுப்பு சொன்னேன்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் வேலை தேடும் ஆளிடம், வேலை வாங்கித் தருவதற்காக யாரும் காசு கேட்கக் கூடாது. சட்டமே அதைத் தடுக்கிறது. அறுவடை வேலைக்கு 5 யூரோ கேட்டாலும் பேச்சை முடித்துவிடுங்கள். நம் மொழியில் பேசுகிறார், நம்ம ஊர் ஆள் போலிருக்கிறது என்பதெல்லாம் ஒரு ஆதாரமும் ஆகாது. எனக்கு அந்த மொழிதான் கண்ணை மறைத்தது. இரண்டாவது, முகவரி நிஜமா என்று பார்ப்பது போதாது. அந்த முகவரியில் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியுமா என்று பார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு நிமிடம். என் பிரெஞ்சு உச்சரிப்புக்குக் கூச்சப்பட்டு அந்த இரண்டு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

ஊர் பெயர் ஷாத்தோ-ஷாலோன். ஜூரா மலையின் மேற்கு விளிம்பில், செய் என்ற ஆற்றின் பள்ளத்தாக்குக்கு மேலே, ஒரு பாறை முனையில் உட்கார்ந்திருக்கும் கிராமம். ஏறத்தாழ 150 பேர்தான் வசிக்கிறார்கள். பிரான்சின் மிக அழகான கிராமங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இருக்கிறது. இந்த அளவு விவரம் கிளம்பும் முன்பே எனக்குத் தெரியும், படங்களும் பார்த்திருந்தேன். 150 பேர் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் யோசிக்கவில்லை. கம்பத்தில் ஒரே தெருவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். 150 பேர் இருக்கும் ஊரில் மளிகைக் கடை இருக்காது, ஞாயிற்றுக்கிழமை பேருந்து இருக்காது, இருட்டினால் தெருவில் ஆள் இருக்காது.

செப்டம்பர் 26, ஞாயிறு. மதியம் பெசான்சோனில் ரயில் ஏறி, தொம்ப்ளான் என்ற சின்ன நிறுத்தத்தில் இறங்கினேன். என்னோடு இறங்கியவர் ஒரே ஒருவர், அவரும் காரில் ஏறிப் போய்விட்டார். அழைத்துப்போக வண்டி வரும் என்று சொன்னவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அரை மணி நேரம் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அங்கிருந்து அடிவாரத்து ஊரான வ்வாத்தர் வரைக்கும் சமவெளி, அதன் பிறகு வளைந்து வளைந்து ஏறும் சாலை. மொத்தம் ஆறு கிலோமீட்டர் போல இருக்கும். சக்கரப் பெட்டியை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டு போனது இன்றும் தோளில் நினைவிருக்கிறது. வ்வாத்தரில் ரொட்டிக் கடை, மருந்துக் கடை எல்லாம் உண்டு. ஆனால் ஞாயிறு மாலை எல்லாமே இழுத்து மூடியிருந்தது. பையில் இருந்தது அரை பாட்டில் தண்ணீரும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்.

அந்தச் சாலையில் ஏறும்போது அண்ணாந்து பார்த்தால் ஊர் தெரியும். சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்க, அதன் உச்சியில் வீடுகள், பாறைக்குக் கீழே சரிவு முழுக்கத் திராட்சை. நம் ஊரில் திராட்சை தலைக்கு மேலே தொங்கும். இங்கே கொடிகள் வரிசை வரிசையாகக் கம்பியில் கட்டி, கொத்து முழங்கால் உயரத்தில் இருந்தது. போகும் வழியில் குனிந்து பார்த்தேன். பல கொடிகளில் கொத்தே இல்லை, இலை மட்டும்தான். அறுவடை முடிந்துவிட்டதோ என்று வயிறு கலங்கியது. வெட்டிய காம்பின் அடையாளமும் எங்கும் தெரியவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஏழு. பழைய தேவாலயம், கல் பலகை வேய்ந்த அதன் கூரை, ஒரு காலத்தில் பிரபுக் குலப் பெண்கள் துறவிகளாக இருந்த மடம் நின்ற இடம், எதையும் நான் பார்க்கவில்லை. கதவு எண்ணை மட்டும் தேடினேன். வழியில் நாயோடு வந்த ஒரு பெரியவரைக் கண்டதும் நேராகக் கைபேசியை நீட்டி இந்த வீடு எங்கே என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்று, "போன்ஷூர், மதுமசேல்" என்று மெதுவாகச் சொன்னார். பதிலுக்கு நான் வணக்கம் சொன்ன பிறகுதான் வழி காட்டினார். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நகரத்தில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இந்த மாதிரி கிராமத்தில் வணக்கம் சொல்லாமல் கேள்வி கேட்பது, நம் ஊரில் பெரியவர் எதிரில் வரும்போது ஒரு வார்த்தை பேசாமல் உரசிக்கொண்டு போவது போல. தெருவில் எதிர்ப்படும் எல்லோருக்கும், தெரியாதவர்களுக்கும், முதலில் வணக்கம். அதற்கு அப்புறம்தான் மற்றது.

கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நான் அறுவடைக்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்களை யார் அனுப்பினார்கள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். செய்தியைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படிக்கப் பார்த்தார், தமிழில் இருந்தது. நானே மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது. அவர்கள் யாரிடமும் ஆள் கேட்கவில்லை. அந்தப் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. முகவரியை எங்கிருந்தோ எடுத்து எனக்கு 120 யூரோவுக்கு விற்றிருக்கிறார் அந்த மனிதர். "இந்த வருஷம் எங்களுக்கே வேலை இல்லை மகளே, ஏப்ரலிலேயே பனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது" என்றார் அந்த அம்மா. நான் திண்ணை மாதிரி இருந்த கல்லில் உட்கார்ந்து அழுதேன். பணம் போனதற்கு இல்லை. திரும்பிப் போக ரயில் கிடையாது, இரவு எங்கே தங்குவது என்று தெரியாது, அம்மாவுக்கு நான் பெசான்சோனை விட்டு வந்ததே தெரியாது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. "சாப்பிட்டியா தாயி?" என்றார் அம்மா. ஊரில் அப்போது நள்ளிரவை நெருங்கும் நேரம், தூக்கம் வராமல் கூப்பிட்டிருக்கிறார். சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

தயவு செய்து ஒன்று செய்யுங்கள். வேலைக்கோ ஊர் பார்க்கவோ, தனியாக எங்கே போனாலும் போகிற ஊர், முகவரி, திரும்பும் நாள் மூன்றையும் ஒருவருக்காவது அனுப்பிவிட்டுப் போங்கள். வீட்டில் பயப்படுவார்கள் என்றால் தோழிக்கு அனுப்புங்கள். அன்று அந்தக் கதவு திறக்காமல் போயிருந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அதை இப்போது நினைத்தாலும் கை சில்லிடுகிறது. திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். ஞாயிறு அட்டவணை வேறாக இருக்கும்.

அந்த அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். சூப்பும் ரொட்டியும் கோந்தே பாலாடைக்கட்டியும் வைத்தார். மகன் முன்பு இருந்த அறையில் படுக்கை விரித்துக் கொடுத்தார். சாப்பிடும்போதுதான் ஏப்ரல் மாதக் கதையை அவர் கணவர் சொன்னார். 2021 மார்ச் கடைசியில் கோடை போல வெயில் அடித்திருக்கிறது. கொடிகள் ஏமாந்து சீக்கிரமே துளிர்விட்டன. ஏப்ரல் முதல் வாரம் போய் இரண்டாம் வாரம் தொடங்கும் நேரத்தில் அடுத்தடுத்து உறைபனி இரவுகள். துளிர் கருகிவிட்டது. பிரான்சில் பல பகுதிகளில் நடந்ததுதான், ஜூரா மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. போதாததற்குக் கோடை முழுக்க மழை, இலையில் பூஞ்சை. சாலையில் நான் பார்த்த வெறும் கொடிகளின் கதை இதுதான். இந்த விவரம் ஏப்ரலிலிருந்தே செய்திகளில் இருந்தது. நான் ஜூரா, உறைபனி என்று இரண்டு சொல்லைத் தேடிப் பார்த்திருந்தால் அந்த வருஷம் அங்கே ஆளே தேவைப்படாது என்று வீட்டிலிருந்தே தெரிந்திருக்கும். திராட்சை விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது தோன்றாமல் போனதுதான் இன்னும் வருத்தம். நம் ஊரில் மழையில் கொத்து வெடித்துவிட்டால் அந்தப் போகத்துக்கு ஆள் கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

அதனால் போகும் முன்பு அந்த வருஷத்தின் பனி, ஆலங்கட்டி, வறட்சி பற்றிக் கேளுங்கள். அறுவடைத் தேதியும் கல்லில் வெட்டியது கிடையாது. பழத்தின் இனிப்பு, புளிப்பு, வானிலை எல்லாம் பார்த்துச் சில நாள் முன்னால்தான் முடிவு செய்வார்கள். தோட்டக்காரர் தன் வாயால் இந்த நாள் காலை வாருங்கள் என்று சொல்லும் வரை ரயில் சீட்டு எடுக்காதீர்கள், இருக்கும் வேலையில் விடுப்பும் சொல்லாதீர்கள்.

மறுநாள் திங்கள். ஊரைப் பகலில் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அவ்வளவு மன உளைச்சலிலும் அந்த இடம் என்னைத் தேற்றியது. ஊர் விளிம்பில் நின்றால் கீழே திராட்சைச் சரிவு, அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் சமவெளி. குழந்தைகள் படித்த பழைய பள்ளிக்கூடத்தை அப்படியே மரப் பெஞ்சுகளோடு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அடைத்துக் கிடக்கும் ஜன்னல்கள் பல. முன்பெல்லாம் இங்கே எல்லா வீட்டிலும் திராட்சைக்காரர்கள்தான் என்றார் அந்த வீட்டுப் பெரியவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்செரா என்ற பூச்சி வேரைத் தின்று ஐரோப்பாவின் திராட்சையையே அழித்தபோது ஜூராவும் விழுந்தது. அதற்கு முன் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்ததாம், இன்று 2,000 ஹெக்டேரைச் சுற்றித்தான். ஒரு ஊர் ஏன் சின்னதாக இருக்கிறது என்பதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போனார். இந்த ஊர் உலகத்துக்குத் தெரிந்திருப்பதற்கு அங்கே இருக்கும் பீப்பாய்கள்தான் காரணம். சவான்யான் என்ற ஒரே வகை வெள்ளைத் திராட்சை, பாறைக்குக் கீழே இருக்கும் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண், இவற்றிலிருந்து வரும் ஒயினை ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி அப்படியே விட்டுவிடுகிறார்கள். மற்ற ஒயின்களுக்கு, ஆவியாகிக் குறையும் அளவை அவ்வப்போது நிரப்புவார்கள். இதற்கு நிரப்பக் கூடாது. குறையக் குறைய மேல்பரப்பில் ஈஸ்ட் ஒரு மெல்லிய ஆடையாகப் படர்கிறது, ஆறிய பாலில் ஆடை படிவது போல. அதன் அடியில் ஆறு வருஷத்துக்கு மேல் தூங்கிய பிறகுதான் அது மஞ்சள் ஒயின். ஒரு லிட்டரில் அத்தனை காலம் கழித்து மிஞ்சுவது இவ்வளவுதான் என்று சொல்லி 62 சென்டிலிட்டர் பிடிக்கும் குட்டைப் பாட்டிலில் அடைக்கிறார்கள். கிளாவலான் என்று அதற்குப் பெயர். இந்த ஊர்ப் பெயர் போட்டு விற்கும் உரிமை 1936-இலிருந்து சட்டப்படி காக்கப்படுகிறது. நான்கு கிராமங்களில் ஐம்பது ஹெக்டேர் சுற்றுவட்டத்துக்குள்தான் அந்த நிலம். அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டம் தோட்டமாக வந்து பார்க்கும். தரம் போதாது என்று பட்டால் அந்த வருஷம் இந்தப் பெயரில் ஒயினே கிடையாது. 1974, 1980, 1984, 2001 ஆகிய நான்கு வருஷங்களில் அப்படி முழுவதுமாக விட்டிருக்கிறார்கள். நட்டம் வந்தாலும் பெயரைக் கெடுக்க மாட்டோம் என்று 150 பேர் உள்ள ஊர் முடிவெடுப்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நான் குடிப்பதில்லை. கண்ணாடிக் குவளையை முகர்ந்து மட்டும் பாருங்கள் என்று நீட்டினார். முகர்ந்தவுடன் தூக்கிவாரிப் போட்டது. வெந்தயம். வெறும் சட்டியில் வெந்தயம் வறுக்கும்போது வருமே, அதே வாசம், கூடவே அக்ரூட் பருப்பின் நெடி. அம்மா வைக்கும் வெந்தயக் குழம்பு நினைவு வந்து மறுபடியும் கண் கலங்கிவிட்டது. பிறகு தேடிப் படித்தேன். சோடலோன் என்ற வேதிப்பொருள்தான் வெந்தயத்துக்கும் அந்த மணத்தைத் தருகிறது, இந்த ஒயினுக்கும் தருகிறது. எங்கள் ஊர்ச் சமையலறையில் இந்த வாசம் இருக்கும் என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் எழுந்து போய் மனைவியைக் கூப்பிட்டு வந்து, இந்தப் பெண் சொல்வதைக் கேள் என்று என்னைத் திரும்பச் சொல்லவைத்தார். அங்கிருந்துதான் எனக்கு எல்லாம் மாறியது.

அன்று மதியம் அந்த அம்மா வரிசையாக ஐந்தாறு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினார். பக்கத்துக் கிராமமான மெனெத்ருவில் ஒருவருக்கு நான்கு நாளைக்கு ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்தது. வாட்ஸ்அப்பில் 120 யூரோவுக்கு வராத வேலை, ஒரு வயதான அம்மாவின் வார்த்தையில் ஒரு காசும் இல்லாமல் கிடைத்தது. இந்தக் கிராமங்களில் வேலை அப்படித்தான் நகர்கிறது. போன வருஷம் வந்தவர் இந்த வருஷமும் வருவார், அவர் தன் தங்கையைக் கூட்டி வருவார். புதிதாக நுழைபவர்களுக்கு நேர்வழி இரண்டுதான். ஜூன், ஜூலையிலேயே தோட்டக்காரர்களுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, பிறகு பேசுவது. இல்லையென்றால் அரசு வேலைவாய்ப்புச் சேவையின் அறிவிப்புகளைப் பார்ப்பது. அன்று போல் எம்ப்லுவா என்று இருந்தது, 2024-இலிருந்து பிரான்ஸ் திராவாய் என்று பெயர். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

புதிய முதலாளி முதல் வேலையாகக் கேட்டது என் வசிப்பு அட்டையும் சமூகப் பாதுகாப்பு எண்ணும். வேலை தொடங்கும் முன்பே விவசாயிகளின் காப்பீட்டு அமைப்பான எம்எஸ்ஏவுக்கு என் பெயரைத் தெரிவித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். இது சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். சரிவில் விழுந்து கால் முறிந்தால் இந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும். தாள் அப்புறம் தருகிறேன் என்று சொல்லும் இடத்தில் கத்தரியைக் கையில் எடுக்காதீர்கள். மாணவர் விசாவில் இருக்கும் நமக்கு வருஷத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்ய அனுமதி, அறுவடை மணியும் அந்தக் கணக்கில் சேரும். ஏற்கெனவே பகுதிநேர வேலை பார்ப்பவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். செவ்வாய் முதல் வெள்ளி வரை, நாளுக்கு 7 மணி நேரம். இந்தச் சரிவில் எல்லாம் கையால்தான். ஒரு கையில் கத்தரி, ஒரு கையில் கொத்து, காலடியில் வாளி. வாளி நிறைந்ததும் முதுகுக் கூடையோடு வருபவரின் கூடையில் கொட்ட வேண்டும். பந்தலில் நின்றுகொண்டு அண்ணாந்து பறித்துப் பழகிய எனக்குக் குனிந்தே இருப்பது முற்றிலும் வேறு உடம்பைக் கேட்டது. முதல் நாள் காலை பத்து மணிக்கே இடது ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டேன். எதிர் வரிசையில் இருந்தவர் தன் பையிலிருந்து மருந்துக் கட்டை எடுத்துப் போட்டுவிட்டு, கொத்தைப் பிடிக்கும் கை கத்தரிக்குக் கீழே வரக் கூடாது என்று காட்டிக் கொடுத்தார். இரண்டாம் நாள் இரவு இடுப்பு நகரவில்லை. குனிவதைவிட ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து வெட்டுவது நல்லது, வலது முழங்கால், இடது முழங்கால் என்று மாற்றிக்கொண்டே போகலாம். களிமண் ஈரத்தில் வழுக்கும், காலணியில் கட்டி கட்டியாக ஒட்டும். ரப்பர் பூட்ஸ் ஒன்று, காய்ந்த காலணி ஒன்று, மழைக்கான மேல்சட்டை, தடித்த முழுக்கால் சட்டை, மெல்லிய ரப்பர் பூசிய கையுறை இரண்டு ஜோடி கட்டாயம். டெட்டனஸ் தடுப்பூசி காலாவதியாகிவிட்டதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காலை பனியில் விரல் விறைக்கும், மதியம் வெயிலில் முதுகு எரியும், அதனால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றும்படி உடுத்துங்கள்.

சாப்பாட்டுக்கும் நம் ஆட்கள் தயாராகப் போக வேண்டும். நடுப்பகலில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, ஒயின். நான் சைவம் என்பதை முந்தின நாளே சொல்லியிருந்ததால் எனக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்தார்கள். சொல்லாமல் போய் மேஜையில் உட்கார்ந்து மறுத்தால் சமைத்தவர் மனம் நோகும். தங்குமிடத்தைப் பற்றியும் எழுத்தில் கேளுங்கள்: அறையா, கூடாரம் போடும் இடமா, எத்தனை பேர், பெண்களுக்குத் தனியா, வெந்நீர் உண்டா, பணம் பிடிப்பார்களா? தங்க இடம் கொடுக்காத தோட்டங்கள் நிறைய. என்னை அந்த அம்மா ஆறு இரவு வைத்துக்கொண்டார், ஒரு யூரோ வாங்கவில்லை. பாத்திரம் கழுவினேன், ஒரு நாள் வ்வாத்தர் கடையில் கிடைத்த பயறில் குழம்பு வைத்துக் கொடுத்தேன். கையில் கொண்டுபோயிருந்த அஞ்சறைப் பொட்டலத்தில் வெந்தயம் இருந்தது. பெரியவர் அதை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்துகொண்டே இருந்தார்.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 12 மணியிலிருந்து 2 மணி வரை பெரும்பாலும் மூடியிருக்கும், ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடையாது, திங்களும் பல கடைகள் திறக்காது. இரண்டு நாள் சாப்பாடு பையில் இல்லாமல் சனி, ஞாயிறில் போய் இறங்காதீர்கள்.

கணக்கு இது. அந்த வருஷம் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 10.25 யூரோ, அக்டோபர் 1 முதல் 10.48. என் கடைசி நாள் அக்டோபர் 1 என்பதால் அந்த ஒரு நாளுக்குக் கூடுதல் விகிதத்தில் போட்டுக் கொடுத்தார்கள். விடுப்புக்கான தொகையும் சேர்த்து, பிடித்தம் போக 250 யூரோவை ஒட்டிக் கையில் வந்தது. போனது: ஏமாந்த 120, ரயில் 34, பூட்ஸும் மழைச்சட்டையும் 60, உணவகத்தில் இழந்த இரண்டு வார இறுதிச் சம்பளம் 280 போல. மொத்தத்தில் 240 யூரோவுக்கு மேல் நட்டம். அக்டோபர் வாடகைக்கு ஒரு தோழியிடம் கடன் வாங்கி, ஜனவரியில்தான் அடைத்தேன். பணம் அனுப்பிய ரசீதும் செய்திகளும் என்னிடம் அப்படியே இருந்தன. அந்த அம்மா காவல்துறையில் புகார் கொடு, நான் கூட வருகிறேன் என்று இரண்டு முறை சொன்னார். வெளிநாட்டில் எதற்கு வம்பு என்று பயந்து விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் அதே ஆள், அதே வார்த்தைகளோடு வேறொரு குழுவில் எழுதியதைப் பார்த்தேன். எத்தனை பேர் அனுப்பினார்களோ. புகார் கொடுக்காததுதான் இந்த முழுக் கதையிலும் என் தவறு என்று இன்றும் குத்துகிறது. உங்களுக்கு நடந்தால் கொடுங்கள். ஏமாந்ததற்காக விசாவில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காலை பெரியவரே காரில் தொம்ப்ளான் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். அந்தச் சரிவை இறங்கும்போது, ஆறு நாள் முன்பு பெட்டியை இழுத்த இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர்களுக்கு ஒரு சின்னப் பொட்டலம் வெந்தயம் அனுப்புகிறேன். 2021-இல் கொஞ்சம்தான் கிடைத்தாலும், மெனெத்ருவில் நாங்கள் வெட்டிய சவான்யானில் ஒரு பங்கை அந்தத் தோட்டக்காரர் மஞ்சள் ஒயினுக்கென்று பீப்பாயில் ஊற்றி மூடினார். விதிப்படி அறுவடைக்குப் பிறகான ஆறாவது வருஷத்தின் டிசம்பர் 15 வரை அதைப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும், கடைக்கு வருவது 2028-இல். ஒரு பாட்டில் எனக்கு எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். குடிக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். முகர்ந்து பார்க்க வாருங்கள் என்றார்.